உயிலில் ஓடும் கொடிவழி

இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினத்தைத் தாண்டிச் சென்றால் வரும் உப்பூர், வெளியூரார் பலருக்கு வெயிலுகந்த விநாயகர் எழுந்தருளியிருக்கும் தலம் என்ற அளவிலேயே பரிச்சயமானது. இராமபிரான் சேதுவுக்குப் போகுமுன் இந்தப் பிள்ளையாரை வணங்கினான் என்பது ஐதிகமாகையால், வடக்கேயிருந்து வந்த யாத்திரிகர்கள் இங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தரிசித்து, அப்புறமே இராமேசுவரத்தை நோக்கி நடந்தார்கள். அப்படி ஊரெல்லாம் வந்து சேர்ந்த இதே கரையிலிருந்துதான் இப்பக்கத்து ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும், இரங்கூனுக்கும், பினாங்குக்கும் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டுப் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பினார்கள். சிலர் பணத்தை மட்டும் அனுப்பினார்கள். சிலரைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை.

அவர்களுடைய பேரன் பேத்திமார் இப்போது தங்கள் வமிசம் எங்கிருந்து கிளைத்தது என்று அறிய ஆவல் கொண்டிருக்கிறார்கள். கடல் கடக்காமல் ஊரோடு இருந்துவிட்டவர்களுக்கும் அந்த ஆவல் குறைவாக இல்லை. பாட்டன் பெயர் எல்லோருக்கும் தெரியும். பூட்டன் பெயர் வீட்டில் வயது முதிர்ந்த ஓர் அப்பத்தாவுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கும் மேலே கேட்டால் குலதெய்வக் கோவிலின் பெயரைச் சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மாதா கோவிலில் ஞானஸ்நானப் புத்தகமும் விவாகப் புத்தகமும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கொஞ்சம் நிலமோ, ஒரு தோணியோ, ஒரு கடையோ வைத்திருந்த குடும்பமாயின், அதைப் பற்றிய தஸ்தாவேஜு ஒன்று வீட்டுத் தகரப் பெட்டியிலோ, சர்க்கார் அலமாரியிலோ, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நியாயஸ்தலத்தின் காகிதக் கட்டிலோ கிடக்கக்கூடும். மரண சாசனமாகிய உயில் அத்தகைய தஸ்தாவேஜுகளில் தலையாயது.

உயிலைக் கொண்டு வமிசத்தைத் தேடப் புகுகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஒருவனுக்கு ஆண்மக்கள் இருந்து, அவர்களுக்குள் பேதமும் இல்லாதிருந்து, சொத்தும் பிதிரார்ஜிதமாகவே இருந்துவிட்டால், அவன் எதையும் எழுதி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. சாஸ்திரமும் வழக்கமும் தாமே பார்த்துக்கொள்ளும். பிள்ளையில்லாதவன் தத்து எடுக்க நினைக்கிறபோது, மூத்தாள் மக்கள் இளையாள் மக்களை என்ன பாடு படுத்துவார்களோ என்று அஞ்சுகிறபோது, தாலியறுத்துத் திரும்பி வந்த மகளுக்கு ஒரு கூரையாவது இருக்கட்டும் என்று எண்ணுகிறபோது, இருபது வருஷம் கூட இருந்து சோறு பொங்கிப் போட்டவளுக்கு ஜீவனாம்சம் ஏற்படுத்த விரும்புகிறபோது, அப்போதுதான் சாட்சிகளைக் கூப்பிட்டுக் காகிதத்தை விரிக்கிறான். ஆகையால், தந்தை வழியே ஏறிப் போகலாம் என்று உயிலுக்குள் நுழைகிறவர், அங்கே பெரும்பாலும் தாய்மாரையும், பெண்மக்களையும், சகோதரிகளையும், விதவைகளையுமே சந்திக்கிறார். வாய்வழி வந்த வமிசாவளியில் ஆண்களின் பெயர்களே அடுக்கடுக்காக நிற்க, அவர்களைப் பெற்றவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லுகிற காகிதம் பல குடும்பங்களில் இது ஒன்றுதான்.

சாஸ்திரங்களில் தானம் உண்டு, பாகம் உண்டு, சுவீகாரம் உண்டு. நான் இறந்த பிறகு செல்லுக என்று உயிரோடிருக்கையில் எழுதி வைக்கும் ஏற்பாடு இந்துக்களிடையே கிழக்கிந்தியக் கும்பினியாரின் நியாயஸ்தலங்களை ஒட்டியே வேரூன்றியது. 1726-ஆம் வருஷத்து ராஜசாசனம் சென்னை மேயர் கோர்ட்டுக்கு உயில்களைப் பரிசீலித்து, உயில் மெய்யானதென்று சான்று கூறும் புரொபேட் கொடுக்கும் அதிகாரத்தை அளித்தது. அந்த அதிகாரம் 1798-இல் ரிக்கார்டர் கோர்ட்டுக்கும், 1801-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கும், 1862-இல் ஹைகோர்ட்டுக்கும் கைமாறியது. துபாஷியாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் கண் மூடுமுன் எழுதிவைத்த உயிலில் ஆலயங்களுக்கும் தருமங்களுக்கும் ஒதுக்கிய பணம், பல வருஷ வழக்குகளில் அகப்பட்டு, சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டால் மீண்டு, அதன் மிச்சத்தைக் கொண்டு 1842-இல் ஒரு பாடசாலை ஏற்பட்டதும், பிற்பாடு அது கல்லூரியாக வளர்ந்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். அந்த வழக்கு நடந்திராவிட்டால் அந்த உயிலை இன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இவையெல்லாம் பட்டணத்துச் சமாசாரம். இராமநாதபுரத்துச் சீமைக்கு விதி வேறாக இருந்தது. 1829-ஆம் வருஷத்து ஐந்தாவது ரெகுலேஷன், மாகாணத்தின் உள்நாட்டுக் கோர்ட்டுகளில் இந்துக்களின் உயில் சாஸ்திரத்துக்கு ஒத்திருக்கும் அளவுக்கே செல்லும் என்று ஒரு கடிவாளத்தைப் போட்டது. 1870-இல் வந்த இந்து உயில் சட்டம், எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சி ஆகிய நிபந்தனைகளைச் சென்னை நகரத்துக்கு விதித்ததே தவிர, மறவர் சீமையையும் சேதுக்கரையையும் எட்டிப் பார்க்கவில்லை. 1927-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதியிலிருந்துதான் அந்த நிபந்தனைகள் எல்லா இந்துக்களுக்கும் பொதுவாயின. அதுவரையில் உப்பூரில் ஒருவர் கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் வாயால் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாலும், அதை மெய்ப்பிக்க முடிந்தால், அது உயில்தான். எழுதினாலும் புரொபேட் வாங்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சென்னைக் குடும்பத்துக்காரர் ஹைகோர்ட்டின் உயில் கட்டுகளைப் புரட்டித் தம் முன்னோரைக் கண்டுபிடிப்பது போல நாமும் கண்டுபிடிக்கலாம் என்று இப்பக்கத்தார் போய்த் தேடினால் ஏமாற்றம் அடைவதற்கு இதுதான் காரணம். இங்கே உயில் வேறு இடங்களில் ஒதுங்கியிருக்கிறது. எல்லாவற்றையும்விட அதிகமாக வழக்குகளில் ஒதுங்கியிருக்கிறது. ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பத்தின் பூர்வோத்தரம் காற்றோடு போயிற்று. பங்காளிச் சண்டையில் பணத்தைத் தொலைத்த குடும்பத்தின் சரித்திரம் நிலைத்துவிட்டது. அந்தப் பங்காளிகளை இன்று நாம் கொஞ்சம் நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனையே இதற்கு முதல் உதாரணம். 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பினியார் பதவியிலிருந்து இறக்கிய பிறகு, அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கு 1803-இல் ஜமீன் சன்னது வழங்கப்பட்டது. பெண்ணிடமிருந்து தொடங்கிய அந்த ஜமீன் வரிசை, அடுத்த அறுபது வருஷங்களில் தத்துகளின் வழியாகவும் விதவைகளின் கை வழியாகவுமே நடந்து வந்தது. 1830-இல் இராமசாமி சேதுபதி ஆண் சந்ததி இன்றிக் காலமாகவே, அவருடைய மனைவி பர்வதவர்த்தனி நாச்சியார், 1847-இல் ஒரு சிறுவனை மகனாகச் சுவீகரித்து அவனுக்கு முத்துராமலிங்கம் என்று பெயர் வழங்கச் செய்தார். நாச்சியார் 1862-இல் மறைந்தபின், அந்தத் தத்து செல்லுமா, செல்லாவிட்டால் ஜமீன் சர்க்காரைச் சேருமா என்ற கேள்வி கிளம்பி, மதுரைக் கலெக்டர் ஒரு கட்சியும் தத்துப் பிள்ளை ஒரு கட்சியுமாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. திராவிட தேசத்து வழக்கப்படி, கணவன் அநுமதி கொடுக்காமற் போயிருந்தாலும் அவனுடைய நெருங்கிய பங்காளிகளாகிய சபிண்டர்களின் சம்மதத்தோடு விதவை தத்து எடுக்கலாம் என்று 1868-இல் தீர்ப்பாயிற்று. வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது ஏட்டுச் சட்டத்தையும் மிஞ்சும் என்ற புகழ்பெற்ற நியாயம் இந்தத் தீர்ப்பில் உரைக்கப்பட்டதுதான். இந்தியா தேசம் முழுவதும் வக்கீல்கள் எடுத்துக்காட்டிய அந்த விதி, இந்தக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு விதவையின் காரியத்திலிருந்து பிறந்தது.

வமிசம் தேடுகிறவருக்குத் தீர்ப்பைவிட அதன் பின்னாலுள்ள காகிதங்களே முக்கியம். சம்மதம் கொடுத்த சபிண்டர்கள் யார் என்று நிரூபிக்க வேண்டுமானால் அவர்கள் எந்தப் பாட்டன் வழி வந்தவர்கள் என்று சொல்லியாக வேண்டும். அதை எதிர்க்கட்சி மறுத்தாக வேண்டும். இரு தரப்பாரும் இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்த கொடிவழிப் படங்களில், அரண்மனைச் சம்பந்தம் கொண்ட எத்தனையோ சாதாரணக் குடும்பங்களும் இடம் பெற்றுவிட்டன. சிவகங்கை ஜமீன் வழக்கும் இவ்வாறே. கௌரி வல்லபத் தேவர் 1829-இல் இறந்தபின், அவருடைய மனைவியரும் மகள்களும் ஒரு பக்கமும், அண்ணன் மக்கள் மறுபக்கமுமாக முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போய், சுயார்ஜித ஜமீன் பெண்களுக்கே சேரும் என்று 1863-இல் அம்மகள்களில் ஒருவரான கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. மூர் என்பவர் தொகுத்த இந்திய அப்பீல் வால்யூம்களில் ஒன்பதாவதிலும் பன்னிரண்டாவதிலும் இவ்விரு வழக்குகளையும் காணலாம். செம்பிநாட்டு மறவரிடையே கிளை என்பது தாய்வழியாகவே வருகிறது என்பதையும், விவாகம் பேசும்போது முதலில் பார்ப்பது கிளையைத்தான் என்பதையும் அறிந்தவர்களுக்கு, பெண்ணின் பெயர் பதிவாகியிருக்கும் ஒரு தஸ்தாவேஜின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜமீன்தார்களின் கதை இருக்கட்டும். பிரிவி கவுன்சில் வரை போகும் சக்தியோ அவசியமோ இல்லாத குடியானவர்களும் வியாபாரிகளும் தங்கள் உயிலை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? 1860-களில் ஏற்பட்ட பத்திரப் பதிவுச் சட்டங்கள் அதற்கு ஓர் இடத்தை உண்டாக்கின. சார்பதிவாளர் அலுவலகங்களில் ஸ்தாவர சொத்துக்களின் கிரயமும் அடமானமும் ஏறுகிற முதல் புத்தகம் ஒன்று; உயில்களும், தத்து எடுக்கக் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரங்களும் ஏறுகிற மூன்றாம் புத்தகம் வேறு. உயில் எழுதியவர் அதை உறையிலிட்டு முத்திரை வைத்து ஜில்லாப் பதிவாளரிடம் ஒப்படைப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு; அவர் இறந்த பிறகு யாராவது மனுச் செய்தால் உறையைத் திறந்து மூன்றாம் புத்தகத்தில் பிரதி எடுப்பார்கள். நிலம் வாங்குகிறவர்கள் எடுக்கும் வில்லங்கச் சான்று முதல் புத்தகத்தைச் சேர்ந்ததாகையால், எத்தனை வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் மூன்றாம் புத்தகத்திலுள்ள உயில் அதில் தலை காட்டாது. பத்திர எழுத்தர்களுக்கு இது தெரிந்த விஷயம். வமிசம் தேடுகிறவர்களில் பலர் அறியாததாகையால் இங்கே அழுத்திச் சொல்லுகிறேன்.

பழைய உயில் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் அதை எப்படிப் படிப்பது? தொடக்கத்தில் சரீரம் அநித்தியமென்றும், தமக்கு வயது இன்னதென்றும், புத்தி சுவாதீனத்தில் இருக்கிறதென்றும் வரும் வாசகங்கள் எல்லா உயில்களிலும் பொதுவானவை. ஆனால் அந்த வயதை விட்டுவிடக் கூடாது, பிறந்த வருஷத்தை அறிய அதைவிட வேறு ஆதாரம் அநேகமாகக் கிடைக்காது. அடுத்தபடியாகப் பெயர். நம்மவர் பாட்டன் பெயரையே பேரனுக்கு இடுகிறபடியால், ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை திரும்பி வந்துகொண்டே இருக்கும். இன்ன தேவர் மகன் இன்ன தேவர் என்று ஒரு பத்திரத்தில் கண்டால், அவர் 1860-இல் இருந்தவரா 1910-இல் இருந்தவரா என்பது பெயரைக் கொண்டு மட்டும் விளங்காது. அங்கேதான் மனைவியின் பெயர் கைகொடுக்கிறது. பாட்டனும் பேரனும் ஒரே பெயர் கொண்டிருந்தாலும், அவ்விருவரின் மனைவியர் பெயரும் அவர்கள் பிறந்த ஊரும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெண்ணின் பெயரைக் கொண்டே ஆணை அடையாளம் காணும் இந்த வேடிக்கை, வமிசாவளி எழுதப் புகுந்த எவருக்கும் சீக்கிரத்திலேயே அநுபவமாகிவிடும்.

வருஷக் கணக்கும் அப்படியே கவனத்தோடு பார்க்கத் தக்கது. விரோதிகிருது வருஷம் ஐப்பசி மாதம் என்று மட்டும் ஓர் உயிலில் எழுதியிருந்தால், அறுபது வருஷச் சுற்றில் அது 1851-ஆகவும் இருக்கலாம், 1911-ஆகவும் இருக்கலாம். வரிக் கணக்கு வருஷமாகிய பசலி குறித்திருந்தால் கவலையில்லை. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஆரம்பிக்கும் ஆங்கில வருஷம் வந்துவிடும். பசலியும் இல்லையென்றால் ஜில்லாவின் பெயரைப் பார்க்க வேண்டும். இராமநாதபுரம் ஜில்லா 1910-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் உண்டாயிற்று. அதற்கு முன்பு இந்தப் பிரதேசம் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. மதுரை ஜில்லா இராமநாதபுரம் ஜமீன் என்று எழுதிய விரோதிகிருது 1851. இராமநாதபுரம் ஜில்லா என்று எழுதிய விரோதிகிருது 1911. ஐந்தாறு எழுத்துக்களைக் கொண்டு அறுபது வருஷச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. 1910-க்கு முந்திய ஜில்லாக் காகிதங்களை மதுரையில் தேட வேண்டும் என்பதும் இதனாலேயே.

சொத்து விவரம் வரும் பகுதியைச் சலிப்பாகக் கருதிப் பலர் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உயிலின் ஜீவநாடி. இராசசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் பெருமையாகச் சொல்வதுண்டு; நஞ்சை எந்த மடைப் பாசனத்தில் இருந்தது என்று கண்டிருந்தால், குடும்பம் ஆதியில் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தது என்பதை ஏறக்குறைய நிச்சயித்துவிடலாம். பனைகளை எண்ணி இத்தனை மரம் இன்னாருக்கு என்று பிரிப்பதும், உப்புப் பாத்தியில் பாதியும், தோணியில் கால் பங்கும், கிணற்றில் முறைத் தண்ணீரும் மகளுக்கு என்று ஒதுக்குவதும் இந்தக் கரைக்கே உரிய சொத்து வகைகள். நான்கெல்லையைச் சொல்லும்போது, கிழக்கே இன்னாருடைய புஞ்சைக்கும் மேற்கு, வடக்கே இன்னாருடைய தோட்டத்துக்கும் தெற்கு என்று அண்டை நிலக்காரர்களின் பெயர்கள் வரும். சொந்தமாக உயில் எழுத ஆஸ்தி இல்லாதிருந்த எத்தனையோ சிறு குடியானவர்கள், மற்றொருவர் உயிலின் எல்லையில் நின்றபடி தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வலை இழுத்தவர்களும், பனையேறியவர்களும், உப்பு வாரியவர்களும் அந்த அளவுக்குக்கூடத் தஸ்தாவேஜுகளில் இடம் பெறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. உயிலைக் கொண்டு எழுதும் சரித்திரம் உடைமையுள்ளவர் சரித்திரமே.

கடைசியில் சாட்சிகள். ஒருவர் கையெழுத்தாகவும், ஒருவர் கீறலாகவும், பிற்காலத்தில் இடது பெருவிரல் ரேகையாகவும் வைத்திருப்பார்கள். அவர்கள் வழிப்போக்கர்களாக இருக்க மாட்டார்கள். பங்காளி சாட்சி போட்டிருந்தால், பின்னால் தகராறு செய்ய மாட்டேன் என்ற சம்மதத்தின் அடையாளமாகவே ஊரார் அதைக் கொள்வார்கள். மைத்துனன் சாட்சி போட்டிருந்தால், தன் சகோதரிக்கு வரவேண்டியது ஒழுங்காக எழுதப்பட்டதா என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான் என்று ஊகிக்கலாம். சாட்சிகளுடைய தகப்பன் பெயரும் ஊரும் குறித்திருப்பது, இரண்டாவது குடும்பம் ஒன்றின் கொடிவழியையும் தொடங்கி வைக்கிறது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் முதலிய ஊர்களின் இஸ்லாமியக் குடும்பங்களில் வழி சற்றே மாறும். கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சிய ஆஸ்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத்து செய்ய அவர்கள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. சட்டப்படியான வாரிசுக்கே மரண சாசனம் எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஆகவே மரைக்காயர் குடும்பத்துப் பெட்டிகளில் உயிலைவிட ஹிபா என்னும் தானப் பத்திரங்களே மிகுதியாகத் தென்படும். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு வரவழைப்பது வழக்கமாதலால், வீட்டின் பத்திரங்களை வரிசையாக வைத்துப் படித்தால் தாயிலிருந்து மகள், மகளிலிருந்து பேத்தி என்று ஒரு கொடி ஓடும். தகப்பன் வழியில் அறுந்துபோன இடத்தை இந்தக் கொடியால் முடிந்துகொண்டவர்கள் உண்டு.

கடலுக்கு அப்பால் போனவர்களின் உயில்கள் அங்குள்ள சட்டத்தையே தழுவின. இலங்கையில் 1840-ஆம் வருஷத்து ஏழாம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் இருந்தால்தான் உயில் செல்லும். கொழும்பில் கடை வைத்திருந்த இராமநாதபுரத்து வியாபாரி இறந்தால், அவருடைய மரணசாதன வழக்கில் இந்தியாவிலுள்ள மனைவி மக்களின் பெயர்களையும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு சர்க்கார் வர்த்தமானியில் வெளிவரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பக்கத்தில் ஒரு மனைவியும் அந்தப் பக்கத்தில் ஒரு மனைவியும் இருந்த சமாசாரம் இரு வீட்டாருக்கும் முதன்முதலாகத் தெரியவந்தது அந்த வர்த்தமானியைப் பார்த்துத்தான் என்றால் அதில் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் வைத்துப் போன தோம்பு என்னும் பதிவேடுகள் இன்னும் பழைய காலத்துக்கு வழிகாட்டும். 1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கிருந்த குடும்பங்களின் பத்திரங்களும் கடலோடு போயிருக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றுக்கு இணையான பிரதிகள் கொழும்பில் இருக்குமாயின் அதை நம் பாக்கியம் என்றே கொள்ள வேண்டும்.

பினாங்கு உதாரணம் விசேஷமானது. பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முஹைதீன் மரைக்காயர், அங்கே தமிழ் முஸ்லிம்களின் தலைவராகிக் கப்பித்தான் கெலிங் என்ற பட்டம் பெற்று, 1801-இல் இன்றும் நிற்கும் பள்ளிவாசலை நிறுவினார். 1834-இல் உயில் எழுதிவிட்டு அதே வருஷத்தில் காலமானார். தருமத்துக்கென்று அவர் எழுதிவைத்த நிலங்களைப் பற்றிய விவகாரங்களால் அந்த உயில் பிற்காலத்தார் மறவாத ஒன்றாயிற்று. மலேசியாவில் மெரிக்கன் என்று பெயரின் ஈற்றில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில் பல, பேச்சில் மலாயாகவும் உடையில் மலாயாகவும் ஆகிவிட்ட போதிலும், சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களைத் தங்கள் மூதாதையராகச் சொல்லிக்கொள்கின்றன. ஒரு பெயரும் ஓர் உயிலும் சேர்ந்து ஐந்தாறு தலைமுறைகளைக் கடல் கடந்து கட்டிப் பிடித்திருக்கின்றன.

வெள்ளைக்காரர்களின் உயில்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சென்னை மாகாணத்தில் இறந்த கும்பினி உத்தியோகஸ்தர்கள், சிப்பாய்கள், வியாபாரிகள் ஆகியோரின் உயில் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளோடு இருக்கின்றன. 1780-க்கும் 1785-க்கும் இடையில் வங்காளத்தில் எழுதப்பட்ட உயில்களில் மூன்றில் ஒன்று இந்தியப் பெண்ணுக்கோ அவள் வயிற்றில் பிறந்த குழந்தைகளுக்கோ ஏதேனும் விட்டுச் செல்வதாகச் சரித்திர ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அவளுடைய பெயரைக்கூட ஒழுங்காக எழுதாமல், என் வீட்டிலுள்ள சுதேசிப் பெண் என்று மட்டும் குறித்த உயில்கள் எத்தனையோ. குழந்தையின் பெயர் இருக்கும், பெற்றவள் பெயர் இருக்காது. நம்முடைய குடியானவன் உயில் தன் மனைவியின் ஊரையும் தகப்பனையும் சேர்த்தே சொல்லுகிறது என்பதை எண்ணுகையில், மரியாதை எந்தப் பக்கம் இருந்தது என்ற யோசனை எழாமலில்லை.

உயிலில் உள்ளதெல்லாம் வேதவாக்கு என்றும் கொள்ள வேண்டாம். துர்நடத்தையுள்ளவன் என்று ஒதுக்கப்பட்ட மகன், எழுதியவரின் இரண்டாந்தாரத்துக்குப் பிடிக்காதவனாக மட்டும் இருந்திருக்கலாம். என் சொந்த சம்பாத்தியம் என்று ஆணித்தரமாகச் சொல்லப்பட்ட நிலம், அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து வெட்டிய கொல்லையாக இருந்திருக்கலாம். சுயார்ஜிதம் என்று எழுதினால்தானே இஷ்டம் போலக் கொடுக்க முடியும்! போலி உயில்களுக்கும் இந்தச் சீமையில் பஞ்சம் இருந்ததில்லை. மற்றோர் ஆதாரத்தோடு ஒத்துப் பார்த்தபின்பே ஓர் உறவை எழுத்தில் ஏற்ற வேண்டும். கோவிலுக்கு விளக்குக் கட்டளையோ, பிரதோஷக் கட்டளையோ, தண்ணீர்ப் பந்தல் தருமமோ உயிலில் ஏற்படுத்தியிருந்தால், கோவில் சொத்துப் பதிவேட்டில் அதற்கு ஈடான குறிப்பு இருக்கும். இனாம் நிலமாக இருந்தால், 1858-க்குப் பின் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் அனுபோகஸ்தர்களின் பெயரும் வயதும் உறவும் சேர்ந்தே கிடைக்கும். அப்பதிவேடுகளின் பிரதிகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மூன்றாம் புத்தகத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ அல்லாமல் மற்றவர்க்குக் கொடுக்கப்படாது. இறந்த பிறகு கேட்பவர் எவருக்கும் கொடுக்கலாம் என்பது பதிவுச் சட்டம். நியாயமான ஏற்பாடுதான். ஆயின், இறந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்று கேட்கும்போது, 1880-இல் ஐம்பது வயதில் உயில் எழுதிய ஒருவருடைய மரணத்துக்குச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? நூறு வருஷத்துக்கு முந்திய மூன்றாம் புத்தகங்களையும் அவற்றின் அட்டவணைகளையும் ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி, எழுதியவர் காலமாகிவிட்டார் என்பதைச் சர்க்காரே அநுமானித்துக்கொண்டு, கேட்பவர்க்குக் காட்டலாம். செல்லரித்த அட்டவணைகளைப் படம் பிடித்து வைப்பதற்கும் அப்போது ஒரு வழி பிறக்கும்.

அது நடக்கும் வரையில், உப்பூர்ப் பக்கத்திலிருந்து தேடப் போகிறவர்கள் நான்கு விவரங்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் குறையும்: எழுதியவரின் பெயரும் தகப்பன் பெயரும், அக்காலத்துக் கிராமத்தின் பெயர், ஏறக்குறைய எந்தப் பத்து வருஷத்துக்குள் என்பது, மனைவி பிறந்த ஊர். இராமநாதபுரத்திலோ திருவாடானைப் பக்கத்திலோ அகப்படாவிட்டால், மனைவியின் ஊர் எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் இருந்ததோ அங்கேயும் அட்டவணையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மாமனார் வீட்டில் படுத்தபடுக்கையாகி அங்கேயே எழுதிப் பதிந்த உயில்கள் இருக்கக்கூடும். பதிவுச் சட்டமும் உயிலை எந்த அலுவலகத்திலும் பதியலாம் என்றே சொல்லியிருக்கிறது.